நாலாவது தடவை யாருக்கு?

“இன்னாமே, இன்னும் இங்கியே நின்னுகினு கீற? தொழப் போவல?”

செல்வி என்னைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள். அவளுடைய கைகள் என் இடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தன. நான் அவள் முதுகுக்குப் பின்னால், தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்று, அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரகடத்தில் கார்களுக்கான வயர் கட்டுகளைத் தயாரிக்கும் தொழிற்சாலை அது. ஆள் உயரப் பலகைகள் வட்டமாகச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். அவற்றை போர்டு என்போம். ஒவ்வொருத்திக்கும் சில வயர்கள், அவற்றின் முனைகளைப் பூட்டச் சில கனெக்டர்கள். போர்டு நம்மைத் தாண்டிப் போவதற்குள் நம்முடைய வயர்களைச் சொருகிவிட வேண்டும். தண்ணீர் தாகமோ வேறு அவசரமோ, நினைத்த நேரத்தில் இடத்தை விட்டு நகர முடியாது. ரிலீவர் வந்து நம் இடத்தில் நின்ற பிறகுதான் போகலாம்.

எங்கள் லைனுக்கு ரிலீவர் செல்வி. வாலாஜாபாத் பக்கம். என் வயதுதான். எல்லார் வேலையும் அவளுக்குத் தெரியும், எல்லார் வீட்டுக் கதையும் தெரியும்.

மதியம் ஆளுக்குப் பத்து நிமிடம் டீ இடைவேளை உண்டு. நான் அதை லுஹர் தொழுகைக்கு எடுத்துக்கொள்வேன். எடுத்துக்கொள்வேன் என்று பெயர்தான். அதில் பாதி நேரம் செல்வியின் முதுகுக்குப் பின்னால் நின்றே போய்விடும். அவள் சரியாகச் சொருகுகிறாளா, கனெக்டர் பூட்டியதா, அந்தப் பச்சை வயர் முழுதாக உள்ளே போனதா என்று பார்த்துக்கொண்டு நிற்பேன்.

“நீ போ பாயம்மா. நான் இன்னா இங்க பூவா கட்டிகினு கீறேன்?” என்றாள் செல்வி.

போனேன். போகும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன்.

பயத்தின் முகவரி

இந்தத் தொடரில் போன வாரம், இருங்காட்டுக்கோட்டையில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, “நீங்கள் ரொம்பத் தைரியமானவர் போலிருக்கிறது” என்று எழுதியிருக்கிறார். என் கணவரிடம் படித்துக் காட்டினேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். புரையேறிவிட்டது.

உண்மை என்னவென்றால், நான் பயந்த பிறவி. அதுவும் இன்றைக்கு நடப்பதைப் பற்றிய பயம் இல்லை. இன்றைக்கு வீட்டில் தண்ணீர் வரவில்லை என்றால் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். நாளைக்கு வராவிட்டால் என்ன செய்வது என்பதுதான் என்னைத் தின்னும்.

நாங்கள் திண்டுக்கல்லில் இருந்து வந்தவர்கள். என் கணவர் காதர், மறைமலை நகர்ப் பக்கம் ஒரு கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். நான் எழுதும் இந்தக் காலத்துக்குக் கொஞ்சம் முன்புதான் அந்தத் தொழிற்சாலையை மூடினார்கள். கடைசி நாளில் பாதுகாப்பு ஷூவோடு வீட்டுக்கு வந்தார். கேஸ் சிலிண்டர் பக்கத்தில் அதைக் கழற்றி வைத்துவிட்டு, “சோறு இருக்கா?” என்று கேட்டார். சாப்பிட்டார். தூங்கினார்.

அந்தத் தூக்கத்தை நான் இன்றும் முழுதாக மன்னிக்கவில்லை.

மறுநாளிலிருந்து அதே ஷூவைப் போட்டுக்கொண்டு தினமும் வேலை தேடிப் போனார். சில நாள் யாருக்காவது பதிலாக வேன் ஓட்டுவார். சில நாள் சும்மா வருவார். வந்து, “அல்லா பாத்துப்பான்” என்பார்.

“அல்லா பாத்துப்பான் மச்சான். சிலிண்டர யாரு பாக்குறது?” என்பேன்.

“அதையும் அவந்தான். சிலிண்டர் மட்டும் என்ன தனியாவா இருக்கு?” என்பார். சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். தவக்குல் என்று சொல்வோம், முயற்சி செய்துவிட்டு முடிவை இறைவனிடம் ஒப்படைப்பது. அவருக்கு அது செருப்பு மாட்டுவதுபோல வந்தது. எனக்கு வரவில்லை.

அப்போது எங்கள் வீட்டில் நிலையாக வந்துகொண்டிருந்தது ஒரே சம்பளம். அது என்னுடையது. நானும் காண்ட்ராக்ட்தான். இதை மட்டும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

கழுவிக் கழுவி

பயம் எங்கே வேண்டுமானாலும் குடியேறும் போலிருக்கிறது. எனக்கு அது ஒளுவில் வந்து உட்கார்ந்தது.

தொழுகைக்கு முன் கை, வாய், மூக்கு, முகம், முழங்கை வரை, கடைசியில் கால் என்று கழுவிச் சுத்தம் செய்வதுதான் ஒளு. அதிகபட்சம் மூன்று தடவை. சின்ன வயதில் மதரஸாவில் சொல்லிக்கொடுத்தது, மறக்கவே மறக்காது. ஆனால் எனக்கு மூன்றாவது தடவை கழுவி முடித்ததும், முழங்கையில் ஓர் இடம் நனையவில்லையோ என்று தோன்றும். மறுபடி கழுவுவேன். முழங்கை சரியானதும் குதிகாலில் சந்தேகம் வரும். குதிகால் முடிந்ததும், நடுவில் காற்றுப் பிரிந்து ஒளு முறிந்துவிட்டதோ என்று தோன்றும். முதலிலிருந்து தொடங்குவேன்.

தொழிற்சாலை வாஷ்பேசினில் எனக்குப் பின்னால் வரிசை நிற்கும். “அக்கா, உள்ள இன்னா மீன் கழுவுறீங்களா?” என்று ஒரு பெண் கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே நான்காவது தடவை கழுவினேன்.

தொழுகையிலும் இதே கதைதான். லாக்கர் அறையில் இரும்பு அலமாரிகளுக்கு நடுவே தொழுகை விரிப்பான முஸல்லாவை விரிப்பேன். தொழும்போது முகம் நோக்கும் கிப்லா திசையில் ஒரு வாட்டர் கூலர் உறுமிக்கொண்டிருக்கும். ஈர ஏப்ரன்களின் வாடை வரும். கையைக் கட்டி நின்றதும் அந்தப் பச்சை வயர் ஞாபகத்துக்கு வந்துவிடும். அப்புறம் வேலை போனால் என்ன ஆகும் என்பது வரும். மகளை எந்தப் பள்ளியில் சேர்ப்போம், ஊருக்கே திரும்பிப் போக வேண்டியிருக்குமோ என்பதெல்லாம் வரும். இப்போது நான் தொழுதுகொண்டிருப்பது தொழுகைச் சுற்றான ரக்அத்தில் இரண்டாவதா மூன்றாவதா என்பது மட்டும் வராது.

இதற்கும் மார்க்கத்தில் வழி உண்டு. எண்ணிக்கையில் சந்தேகம் வந்தால் குறைந்ததை எடுத்துக்கொண்டு மீதியைத் தொழ வேண்டும். கடைசியில் அந்த மறதிக்காக நெற்றி தரையில் பட இரண்டு ஸஜ்தா கூடுதலாகச் செய்ய வேண்டும். ஸஹ்வு ஸஜ்தா என்று அதற்குப் பெயர். எப்போதாவது தவறினால் செய்வதற்கு வைத்த ஏற்பாடு. நான் அதைத் தினமும் செய்துகொண்டிருந்தேன்.

ஒரு நாள் வீட்டில் ஒளு செய்துகொண்டிருந்தேன். காதர் துண்டோடு பின்னால் வந்து நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“பரீதா, மூணு தடவ அல்லாவுக்குன்னு வச்சுக்குவோம். நாலாவது தடவ யாருக்குக் கழுவுறே?”

கோபம்தான் வந்தது. குழாயை மூடாமல் எழுந்து போனேன். அவர்தான் மூடினார்.

ஒரு மாத்திரை, ஒரு சொந்தக்காரி

இடையில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த நாட்களில் ஒருமுறை கம்பெனி பஸ்ஸில், தண்டலம் தாண்டும்போது, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கை மரத்துப்போனது. செத்துப்போகப் போகிறேன் என்றே நினைத்தேன். சாகும் நேரத்தில் சொல்லும் கலிமாவைச் சொல்லிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவள் தண்ணீர் கொடுத்தாள். சாகவில்லை. பஸ் நின்றதும் இறங்கி, கார்டைத் தேய்த்து, வேலைக்குப் போனேன்.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டாக்டரம்மாவிடம் காதர் கூட்டிக்கொண்டு போனார். இ.சி.ஜி. எடுத்தார்கள். இதயம் நன்றாக இருக்கிறதாம். பதற்றம்தான் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். சில மாதங்கள் போட்டேன். உதவியது.

“தொழுகுற பொண்ணுக்கு எதுக்குடி மாத்திரை? ஈமான் பத்தலையா?” என்று என் இறைநம்பிக்கையையே சந்தேகப்பட்டுப் போனில் ஒரு சொந்தக்காரி கேட்டாள்.

“நீங்க கண்ணாடி போட்டுட்டுத்தானே குர்ஆன் ஓதுறீங்க?” என்றேன். அதற்கப்புறம் அவள் வெகு நாள் பேசவில்லை. அதுவும் ஒரு விதத்தில் நிம்மதியாகத்தான் இருந்தது.

சிவப்பு விளக்கு

லைனின் கடைசியில் செக்கர் என்ற சோதனை மெஷின் இருக்கும். முடிந்த வயர் கட்டை அதில் மாட்டுவார்கள். எல்லாம் சரியாக இருந்தால் பச்சை விளக்கு. ஏதாவது ஒரு வயர் சரியாகப் பிடிக்கவில்லை என்றால் சிவப்பு.

அந்த மாதம் சிவப்பு அதிகமாக வந்தது. அதே நேரத்தில் புது மாடல் வரப்போகிறது, லைன்களில் ஒரு ஆளைக் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு. யாரைக் குறைப்பார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. யார் இடத்திலிருந்து தவறு வருகிறதோ அவளைத்தான்.

தவறு என் இடத்திலிருந்து வருகிறது என்று தெரிந்தபோது, எனக்கு முதலில் தோன்றியது செல்வியின் முகம். நான் தொழப் போகும் நேரத்தில் அவள் ஏனோதானோவென்று சொருகுகிறாள், அதுதான் காரணம் என்று முடிவே கட்டிவிட்டேன். அவள் முதுகுக்குப் பின்னால் நிற்க ஆரம்பித்தது அப்போதுதான். தொழுகையைச் சுருக்கினேன். அந்த வாரத்தில் இரண்டு நாள் இடத்தை விட்டே போகவில்லை. லுஹரை வீட்டுக்குப் போய் அவசரமாகத் தொழுதேன். வேலை போய்விட்டால் என்ன ஆகும் என்ற பயத்தில், பயத்துக்கு மருந்தாக இருந்ததையும் விட்டேன்.

ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்ததும் சூப்பர்வைசர் தினேஷ் கூப்பிட்டார். காஞ்சிபுரத்துக்காரர், எங்களைவிடச் சின்னவர். ஒவ்வொரு போர்டும் எந்த நேரத்தில் எந்த இடத்தைத் தாண்டியது என்பது கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“அக்கா, உங்க இடத்துலேர்ந்துதான் ரிட்டர்ன் வந்துகினே கீது.”

“சார், ரிலீவர் நிக்கிற நேரம்...” என்று இழுத்தேன்.

“அதத்தான் சொல்ல வரேன். ரிலீவர் நின்ன பீஸ் எதுவுமே ரிட்டர்ன் வர்ல. மதியம் நீங்க தொழப் போற டைம் மட்டும் க்ளீனா கீது. நீங்க போவாத ரெண்டு நாளு அந்த டைம்லயும் ரிட்டர்ன்.”

கம்ப்யூட்டர் திரையை நானும் எட்டிப் பார்த்தேன்.

காரணத்தை அவரே கண்டுபிடித்து வைத்திருந்தார். வயரைக் கனெக்டருக்குள் தள்ள வேண்டும். கிளிக் என்று சத்தம் கேட்க வேண்டும். பிறகு மெதுவாக ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். வராவிட்டால் பூட்டிவிட்டது என்று அர்த்தம். கனெக்டருக்குள் இருக்கும் ஒரு சின்ன பிளாஸ்டிக் நாக்குதான் வயரைப் பிடித்துக்கொள்கிறது. நானோ ஒருமுறை இழுத்து, நம்பாமல் இன்னொருமுறை இழுத்து, போர்டு தாண்டிப் போகும்போது எட்டி மறுபடியும் இழுத்திருக்கிறேன். நாக்கு தளர்ந்துவிட்டது. வயர் பாதி வெளியே வந்துவிட்டது.

ஒழுங்காக இருந்ததைச் சரிபார்த்துச் சரிபார்த்தே நான் கெடுத்திருக்கிறேன். நான் நகர்ந்து போய் முஸல்லாவில் நின்ற நேரம் மட்டும் என் வேலை நன்றாக நடந்திருக்கிறது.

“வெள்ளிக்கெழம வரிக்கும் உங்க பீஸ்ஸ தனியா பாக்கச் சொல்லிகிறாங்க. அதுக்கப்புறம் மேல இருக்கறவங்க முடிவு. என் கைல இல்லக்கா” என்றார் தினேஷ்.

வெளியே செல்வி நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

“இன்னா, என் மேல போட்டியா?” என்றாள்.

“போடப் பாத்தேன்.”

“தெரியும்மே. ஒரு வாரமா என் முதுவுல கண்ண வச்சிகினு நிக்கிற, எனுக்குத் தெரியாதா?” என்று சொல்லிவிட்டு, தன் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு வடையை எடுத்துப் பாதியாகப் பிய்த்துக் கொடுத்தாள். அவ்வளவுதான் விசாரணை.

ஒரே ஒரு தரம்

அன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்காகக் குழாயடியில் உட்கார்ந்தேன். மூன்றாவது தடவை முழங்கையைக் கழுவி முடித்ததும் வழக்கம்போல சந்தேகம் வந்தது. காதர் கேட்டது ஞாபகம் வந்தது. நாலாவது தடவை யாருக்கு?

எனக்கு விடை தெரிந்துவிட்டது. நாலாவது தடவை நாளைக்கு. நாளைக்கு என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு நான் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒளு செய்தது உறுதியாகத் தெரியும், முறிந்ததா என்பதுதான் சந்தேகம் என்றால், ஒளு இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். தெரிந்ததைச் சந்தேகம் அழித்துவிட முடியாது. இதுவும் மதரஸாவில் படித்ததுதான். பரீட்சையில் எழுதி மார்க்கூட வாங்கியிருக்கிறேன். அந்தச் சட்டத்துக்குள் எவ்வளவு இரக்கம் இருக்கிறது என்பது மட்டும் இத்தனை வருடம் தெரியவில்லை. அல்லாஹ் என்னிடம் மூன்று தடவைக்கு மேல் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் நான்தான்.

குழாயை மூடினேன். முழங்கை காய்ந்திருப்பது போலவே இருந்தது. அப்படியே போய்த் தொழுதேன்.

இதைப் படித்துவிட்டு அன்றோடு பயம் ஓடிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். மறுநாள் லைனில் என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. பிஸ்மில்லாஹ் என்று தள்ளுவேன். கிளிக். ஒருமுறை இழுப்பேன். விடு என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். விட்ட பிறகு போர்டு தாண்டிப் போகும் அந்தச் சில நொடிகள் இருக்கிறதே, பிள்ளையை முதல்நாள் பள்ளியில் விட்டுவிட்டு வருவது மாதிரி இருக்கும். ஒன்றிரண்டு முறை கை தானாக நீண்டது. கையைப் பிடித்து ஏப்ரன் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

எங்கள் அம்மா எதைச் சொன்னாலும் இன்ஷா அல்லாஹ் சேர்த்துத்தான் சொல்வார். நாளைக்கு இன்ஷா அல்லாஹ் உளுந்து ஊறப்போடணும் என்பார். உளுந்து ஊறுவதற்குமா இறைவன் நாட வேண்டும் என்று சிரித்திருக்கிறேன். அந்த வாரம் போர்டுக்கு முன்னால் நின்றபோதுதான் அது எவ்வளவு நடைமுறையான வார்த்தை என்று புரிந்தது. ஊறப்போடுவது வரைதான் நம் வேலை. என்னோடு பழகிப் பழகி செல்விக்கும் அது தொற்றிக்கொண்டிருந்தது. “இன்சல்லா இன்னிக்கு ஓ.டி. இருக்காது” என்பாள். கூடுதல் நேர வேலை பெரும்பாலும் இருக்கும்.

வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை மதியம் தினேஷும், மேலிடத்திலிருந்து வந்த இன்னும் இருவரும் செக்கர் பக்கம் போய் நின்றார்கள். என் இடத்திலிருந்து பார்த்தால் விளக்கு தெரியும். முதல் வயர் கட்டை அதில் மாட்டும்போது செல்வி வந்து என் தோளைத் தட்டினாள்.

“நவுரு. உன் டைம்மு.”

“இப்பவா?”

“அப்பறம் எப்ப? அவுங்க பாக்கறது நீ ஏற்கெனவே சொருவுனது. நீ நின்னுகினு பாத்தா மட்டும் மாறிடுமா? போமே.”

போனேன். முதுகு முழுக்கக் கண்ணாக இருந்தது. திரும்பவில்லை.

ஒளுவை மூன்றோடு நிறுத்தினேன். லாக்கர் அறையில் யாரும் இல்லை. முஸல்லாவை விரித்து, கையைக் கட்டினேன். பச்சை வயர் ஞாபகம் வந்தது. வரட்டும் என்று விட்டேன், ஓதிக்கொண்டே போனேன். ஸஜ்தாவில் நெற்றி தரையில் பட்டபோது வாட்டர் கூலர் ஒரு குலுக்கலோடு நின்றது. அறை சட்டென்று அமைதியானது. நான் அங்கேயே கொஞ்ச நேரம் கிடந்தேன். இந்த வேலையை எனக்கு விட்டு வை என்று கேட்டேன். எடுத்துக்கொண்டால், எடுத்த பிறகும் நின்று வேலை பார்க்கிற கையைக் கொடு என்று கேட்டேன். கண்ணீர் வந்தது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது, ஆனால் தனியாக இல்லை.

திரும்பி வந்தபோது செக்கர் பக்கம் யாரும் இல்லை. செல்வி இடத்தை விட்டு நகர்ந்தாள். நான் கையுறையைப் போட்டுக்கொண்டு அடுத்த போர்டைப் பிடித்தேன்.

“ஏமே, கேக்க மாட்டியா நீ?”

“சொன்னாங்களா?”

“இல்ல. நாளிக்குக் காலைலதான் சொல்வாங்களாம். மூஞ்சியப் பாத்தாலும் ஒண்ணும் தெரியல” என்றாள். கொஞ்சம் தள்ளிப் போய்விட்டுத் திரும்பினாள். “இன்சல்லா, தூக்க மாட்டாங்க.”

தூக்கவில்லை. என்னை வயர் கட்டுகளுக்குத் துணி டேப் சுற்றும் இடத்துக்கு மாற்றி, லைனிலேயே வைத்துக்கொண்டார்கள். அங்கே எதையும் இழுத்துப் பார்க்க முடியாது. குறைத்த ஆள் பக்கத்து லைன் பெண். அவளை நினைத்தால் இப்போதும் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் இதெல்லாம் மறுநாள் காலையில் தெரிந்தவை.

அன்று மாலை எதுவும் தெரியாமல்தான் வீட்டுக்கு வந்தேன். காதர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். எப்போதும் படுத்ததும் தூங்கிவிடுகிற மனிதர். ஷூகூடக் கழற்றாமல், முகம் வெளுத்து நின்றார். அவருக்கும் பயம் வரும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

“என்ன ஆச்சு பரீதா?” என்றார்.

வேலையைப் பற்றித்தான் கேட்டார். அது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அவர் கேட்டதும் என் வாயில் வந்தது வேறு.

“மச்சான், இன்னைக்கு ஸஹ்வு ஸஜ்தா செய்ய வேண்டி வரல.”